உதட்டில் நின்ற பெயர்

எங்கள் சலவைக்கூடத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பாய்லர் பார்ப்பவர், வேன் ஓட்டுபவர், அழுக்கு மூட்டை பிரிப்பவர் மூவருக்கும் ஒரே பெயர். அதனால் தொழிலே பெயராகிவிட்டது. பாய்லர்காரரின் அப்பா வாசல் கேட்டில் உட்கார்ந்து மூட்டைகளை எண்ணி உள்ளே விடுவார், அவர் கேட்டுக்காரர். பாய்லர்காரரின் அக்காவும் மனைவியும் மடிப்பு மேசையில் வேலை செய்தார்கள். அவர்கள் பெரியக்கா, சின்னக்கா. கூடத்துக்குப் பின்னால் அவர்கள் நால்வரும் குடியிருந்த வீட்டின் மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பகலில் கிழிசல் தைக்கும் மெஷினில் வேலை, சாயங்காலம் வகுப்பு. என்னை மேல்ரூம் என்று கூப்பிட்டார்கள். மெஷின் மடிப்பு மேசைக்கு எதிரே இருந்ததால் இனி சொல்லப்போவதில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்ற சந்தேகம் இன்றும் உண்டு.

மழை விடாமல் பெய்த மாதம் அது. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் விரிப்புகள் வெளிக் கொடியில் காய வழியில்லை. எல்லாவற்றையும் சூட்டு உருளையில்தான் விட்டு எடுக்க வேண்டும். பாய்லர் ஓயவே இல்லை. தகரக் கூரைமேல் மழை, உள்ளே ஆவி, நடுவில் நாங்கள். எங்கே கை வைத்தாலும் ஈரம்.

சின்னக்காவுக்குப் பையன் பிறந்து இரண்டு மாதம் முடிந்திருந்தது. அரைநாள் வேலைக்கு வரத் தொடங்கியிருந்தாள். துணி தள்ளும் வண்டி ஒன்றைக் கழுவித் துடைத்து, அடியில் பழைய துண்டுகளை அடுக்கி, பையனை அதில் படுக்க வைத்திருந்தார்கள். யார் அந்தப் பக்கம் போனாலும் வண்டியை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போவார்கள். அவனும் ஒரு மூட்டை போலக் கூடம் முழுவதும் உருண்டுகொண்டிருந்தான். பெயர் இல்லை. கேட்டுக்காரர் "முதலாளி" என்பார். பெரியக்கா "உருண்டை" என்பாள். சின்னக்கா எதுவும் சொல்லமாட்டாள். குனிந்து அவன் வயிற்றில் மூக்கை வைத்து உரசுவாள்.

மத்தியானச் சாப்பாட்டை அவர்களோடுதான் சாப்பிடுவேன். அப்போதெல்லாம் பேச்சு ஒன்றே ஒன்றுதான்.

"எங்க அப்பா பேரை வைங்கன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். செவிடன் காதுல ஊதின சங்கு" என்றார் கேட்டுக்காரர்.

"அப்பா, தாத்தா பேரு சரக்கு ரயில் மாதிரி. கடைசிப் பெட்டி வாயிலேர்ந்து வர்றதுக்குள்ள புள்ளை தெருமுனைக்குப் போயிடுவான்" என்றார் பாய்லர்காரர்.

"அவன் இன்னும் குப்புறவே விழல. அதுக்குள்ள தெருமுனைக்கு அனுப்பிட்டான் பாரு" என்றாள் பெரியக்கா.

"இல்லக்கா. சின்னதா இருக்கணும். வேற எவனுக்கும் இருக்கக் கூடாது. ஸ்கூல்ல என் பேர்ல அஞ்சு பேரு. வாத்தியார் என்னை மூணாவதுன்னுதான் கூப்பிடுவாரு. எவனோ செஞ்ச தப்புக்கெல்லாம் நான் அடி வாங்கியிருக்கேன்."

"நீ செஞ்சதுக்கு அவனுங்க வாங்கினதைச் சொல்லலையே."

"இங்க வந்தா இங்கயும் மூணு பேரு. எனக்குன்னு ஒரு பேரே இல்லாமப் போச்சு. என் பையனைக் கூப்பிட்டா அவன் ஒருத்தன்தான் திரும்பணும். ரெண்டு எழுத்து, மிஞ்சிப்போனா மூணு."

"ரெண்டு எழுத்துல பூனைக்குத்தான்டா பேரு வைப்பாங்க" என்றார் கேட்டுக்காரர். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "அம்மாடி, பெத்தவ நீ. நீ என்ன சொல்ற?" என்றார்.

சின்னக்கா ரொட்டியைக் கிள்ளிக்கொண்டே, "யோசிக்கலாம் மாமா" என்றாள்.

"பாத்தியா? அளந்துதான் பேசும் என் மருமக. உன்னை மாதிரி வாயாடி இல்ல" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் பாராட்டு விழும்போதெல்லாம் சின்னக்காவின் கால் மேசைக்கு அடியில் ஆடத் தொடங்கும். தண்ணீர் டம்ளர் லேசாக நடுங்கும். அது ஏன் என்று அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்குத் தெரிய வந்தது பஸ்ஸில். அவள் மாசமாக இருந்தபோது ஒருநாள் துணைக்குப் போயிருந்தேன். கண்டக்டரிடம் நாங்கள் இறங்க வேண்டிய இடத்துக்கு அடுத்த நிறுத்தத்தைச் சொல்லி டிக்கெட் வாங்கினாள். ஆனால் எங்கள் இடத்திலேயே இறங்கினோம். "ஏன்க்கா காசு கூடக் குடுக்கறீங்க?" என்று கேட்டேன். நடந்துகொண்டே இருந்தவள் நின்றாள்.

"அந்த ஸ்டாப்போட பேரு எனக்கு வராது."

அவளுக்குத் திக்கும். எப்போதும் அல்ல, விஷயம் தெரிந்த பிறகு என்னிடம் பேசும்போது பெரும்பாலும் வராது. ப என்று தொடங்கும் சொல்லில் உதடு ஒட்டிக்கொள்ளும். சில நாள் க, த இரண்டும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சொல் வருகிறது என்று அவளுக்கு மூன்று சொல் முன்னாலேயே தெரிந்துவிடும். உடனே வேறு தெருவில் திரும்பிவிடுவாள். பக்கெட் என்று சொல்லமாட்டாள், வாளி என்பாள். கடையில் பழம் வேண்டுமென்றால், "அந்த மஞ்சள்ல ஒரு சீப்பு" என்று கை காட்டுவாள். நாள் முழுவதும் இப்படிச் சந்து சந்தாகப் புகுந்து வீடு வந்து சேர்வாள். கேட்பவர்களுக்கு, நிதானமான பெண், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால், "சின்ன வயசுல கொஞ்சம் திக்கும்" என்று மட்டும் சொல்லியிருந்தார்களாம்.

இந்தப் பெயர்ப் பேச்சு தொடங்கியதிலிருந்து அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மடித்ததையே பிரித்து மடித்தாள். குழாயடியில் வாளி நிரம்பி வழிவது தெரியாமல் நின்றாள். உதடு மட்டும் அசையும். ஒரு சாயங்காலம் நான் வகுப்புக்குக் கிளம்பும்போது படியிலேயே வழிமறித்தாள். தோளில் பையன்.

"மேல்ரூம், உனக்கு நேரமாச்சா?"

"இல்லக்கா, சொல்லுங்க."

"மத்த எல்லாத்துக்கும் மாத்து இருக்கு. அது வராட்டி இது. பேருக்கு மாத்து இல்லையே." பையனின் முதுகைத் தட்டிக்கொண்டே படியில் ஏறி இறங்கினாள். "போன தடவை ஊசிக்குப் போனப்ப, ஜன்னல்ல இருக்கற ஆளு இவரு பேரைக் கேட்டாரு. வாய் அடைச்சுக்கிச்சு. 'வீட்டுக்காரர் பேரைச் சொல்ல என்னம்மா வெக்கம்?'னு கேட்டுட்டாரு. வரிசையே சிரிச்சுது. நானும் வெக்கப்பட்ட மாதிரி சிரிச்சு வெச்சேன்."

"விடுங்கக்கா, அவங்க யாரோ."

"யாரோதான். ஆனா இவன் யாரோ இல்லையே. நாளைக்கு நடப்பான். ரோட்டுக்கு ஓடுவான். லாரி வரும். நான் என்ன செய்வேன், அவன் பின்னாடி வாயை மூடிக்கிட்டு நிக்கவா? எல்லாரும் அவன் பேரைச் சொல்லுவாங்க, எனக்கு மட்டும் அது அந்த ஸ்டாப் மாதிரி ஆயிடும். அடுத்த ஸ்டாப்ல இறங்கித் திரும்பி நடந்து வர்றதுக்குப் புள்ளை என்ன பஸ்ஸா?"

பாய்லர்காரரிடம் சொல்லிவிடலாமே என்றேன். "சொன்னா பாவம்னு பாப்பாரு" என்றாள். அதைச் சொல்லவே அவளுக்கு நேரம் ஆனது. அந்தப் 'பாவம்' வெளியே வருவதற்குள் பையன் தூங்கிவிட்டான்.

இனி, விரிப்பு மடிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இருவர் இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிரே நிற்க வேண்டும். உதற வேண்டும். சுருக்கம் போகப் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். நீளவாக்கில் மடிக்க வேண்டும். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துபோய் முனையோடு முனை சேர்க்க வேண்டும். கை தப்பினால் கோணிக்கொள்ளும். அதனால் இருவரும் சேர்ந்து சொல்லிக்கொண்டே செய்வார்கள்: "உதறு, இழு, மடி, வா." வேலை நேரம் முழுக்க இதே நான்கு சொல். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் கத்தியே சொல்வார்கள். அந்த நேரத்தில் சின்னக்காவின் குரலைக் கேட்டால் அவளா இவள் என்று தோன்றும். அவ்வளவு கணீரென்று இருக்கும்.

ஒருநாள் பெரியக்காவுக்குக் கேலி பிறந்தது. "ஏ பொண்ணு, வா வான்னு சொல்லிச் சலிச்சுப் போச்சு. உன் புள்ளையைக் கூப்பிடுவோமா?" என்றாள். அடுத்த விரிப்பில், "உதறு, இழு, மடி" என்று சொல்லி, 'வா'வுக்குப் பதிலாக ஒரு பெயரைப் போட்டாள். சின்னக்காவும் கூடவே சொன்னாள். அடுத்ததற்கு இன்னொரு பெயர். கபிலன், தணல், புகழ், கோ, திரு. வாயில் வந்ததெல்லாம். கேட்டுக்காரருடைய அப்பாவின் சரக்கு ரயிலைக்கூட விட்டார்கள். அதற்கு விரிப்பு போதவில்லை, பாதி நடையிலேயே முட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கவனித்தேன். புகழ் என்று சின்னக்கா சொன்னாள். சந்தில் புகவில்லை, தயங்கவில்லை. அதைக் கவனித்தது நான் மட்டும் அல்ல. அவளும் கவனித்துவிட்டாள். விரிப்பின் முனையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்ல அண்ணி. இன்னொண்ணு எடுங்க."

அன்று அவர்கள் வழக்கத்தைவிட இரண்டு பங்கு மடித்தார்கள். உருளை ஓட்டுபவன், "இந்த அக்காவுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு, நான் ஈடு குடுக்க முடியல" என்று புலம்பினான்.

மறுநாள் வானம் வெளுத்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வெயில். எல்லோரும் வெளிக் கொடிக்கு ஓடினோம். பாய்லர்காரர் கரி அப்பிய முகத்தோடு வெளியே வந்து கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார். அங்கிருந்தே கத்தினார். "அக்கா! பரிதி!"

"யாருடா அது?"

"சூரியன். ஸ்கூல்ல படிச்சது, இப்பதான் ஞாபகம் வந்துது. மூணே எழுத்து. எவனுக்கும் இல்ல."

"அப்ப சூரியன்னே வைக்கலாமே" என்றார் கேட்டில் இருந்தபடி கேட்டுக்காரர்.

"அது ஊருக்கே பொதுப்பா. இது நமக்கு மட்டும்."

சின்னக்கா நனைந்த விரிப்பைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் அதற்குப் பின்னால் இருந்தது. பெரியக்காவை அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். காய்ந்த ஒன்றை எடுத்து விரித்தாள். உதறு, இழு, மடி, பரிதி. மறுபடி. உதறு, இழு, மடி, பரிதி. எட்டிப் பார்த்தேன், அவள் கன்னம் சிவந்திருந்தது. வெளியே வந்து கணவரிடம், "அதுவே இருக்கட்டும்ங்க. எனக்கு ரொம்ப இஷ்டம்" என்றாள். அவளாக இஷ்டம் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. கேட்டுக்காரர் தன் அப்பாவை விட்டுக்கொடுத்தார். "சரி, பூனைக்கு ஒரு எழுத்து கூடக் கிடைச்சுது" என்றார்.

தப்பு எங்கே நடந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்திருக்க வேண்டும். எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் காலையில் பல் தேய்க்கக் கீழே இறங்கினேன். சின்னக்கா முற்றத்தில் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் விழித்திருந்தான். அவள் அவனை நோக்கிக் குனிந்திருந்தாள். உதடு இரண்டும் சேர்ந்திருந்தது, திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடினாள். மூச்சு விட்டாள். மறுபடி சேர்த்தாள். அங்கே விரிப்பு இல்லை, எதிரே இழுக்க ஆள் இல்லை, கூடச் சொல்ல வாய் இல்லை. உள்ளேயிருந்து பாய்லர்காரர் ஷூவை மாட்டிக்கொண்டே, "பரிதிப் பயலே, அப்பா வேலைக்குப் போறேன்டா" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

அதிலிருந்து வீட்டில் அந்தப் பெயர் மழை மாதிரி பெய்தது. உருளைக்காரன், மூட்டைக்காரர், வேன்காரர், எல்லோரும் பரிதி பரிதி என்று வண்டியைத் தள்ளினார்கள். சின்னக்கா மட்டும் "இங்க பாரு" என்றாள். "ஐயா" என்றாள். "வாங்க, மூஞ்சி கழுவலாம்" என்று அவனுக்கு மரியாதை கொடுத்தாள். வேலையில் தவறு வந்தது. ஆஸ்பத்திரி அடுக்கில் ஓட்டல் விரிப்பைச் சேர்த்தாள். சாப்பிடும்போது நடுவில் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள்.

பெரியக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒரு மத்தியானம் எல்லோரும் இருக்கும்போதே கேட்டுவிட்டாள். "ஏம்மா, பேரு வெச்சு இத்தனை நாளாச்சு. உன் வாயால அவனை ஒரு தடவை கூப்பிட்டு நான் கேக்கலையே. பிடிக்கலையா?"

பாய்லர்காரர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "அதான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன். பிடிக்கலைன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம். இஷ்டம்னு சொன்ன. ஊரு பூரா சொல்லியாச்சு."

"பிடிக்…" என்று தொடங்கினாள் சின்னக்கா. நின்றுவிட்டது. இந்தத் தடவை பக்கத்துத் தெருவுக்குத் திரும்ப இடம் இருக்கவில்லை. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதடு ஒட்டிக்கொண்டது. ஒட்டியே இருந்தது. கேட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று எழுந்து, "தண்ணி குடு, தண்ணி குடு, விக்கிக்கிச்சு" என்று பதறினார். அவள் தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் வந்தது. பிறகு சொன்னாள், உடைந்து உடைந்து, ஒவ்வொரு சொல்லாக. சின்ன வயதில் மட்டும் அல்ல, இப்போதும் உண்டு என்று. பஸ், பழம், வாளி, எல்லாவற்றையும். விரிப்பில் வந்த பெயர் மடியில் வரவில்லை என்பதையும்.

கேட்டுக்காரர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டு வருஷமா நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல" என்றார் பாய்லர்காரர். "மரியாதைன்னு நெனச்சேன்."

"நெனப்புதான் பொழப்பைக் கெடுக்குது" என்றாள் பெரியக்கா. அவளுக்கும் குரல் இறங்கியிருந்தது.

"பேரை மாத்திடலாம்" என்றார் அவர் சட்டென்று. "அவளுக்கு வர்ற பேரா வைப்போம். ஊரு கிடக்குது. மேல்ரூம், நீ படிக்கற பொண்ணு, சொல்லு, எது சுலபமா வரும்?"

எனக்கு ஒரே உற்சாகம். முறையாக யோசித்தேன். உதடு சேராமல் தொடங்கும் பெயர் வேண்டும். அ, ஆ, இ, எ இவற்றில் ஒன்று. சாயங்காலம் வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் சின்னக்காவை மாடிக்கு வரச் சொல்லி ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தேன். இனியன் வந்தது. எழில் வந்தது. ஆதன் தண்ணீராக வந்தது; மூன்று முறை சொன்னாள், மூன்றும் சுத்தம். கீழே போய் எல்லோரிடமும் அறிவித்தோம். கேட்டுக்காரர், "ஒரே புள்ளைக்கு எத்தனை தடவைடா பேரு வைப்பீங்க? பூனைக்கு ஒம்பது உசுருன்னு சொல்லுவாங்க, ஒம்பது பேரா?" என்றார். ஆனாலும் அவரே முதலில் "ஆதா" என்று கூப்பிட்டுப் பார்த்தார்.

இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் அவன் வண்டியில் சிணுங்கினான். மேசையிலிருந்தே சின்னக்கா வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. உதட்டில் அல்ல, தொண்டையில். சத்தமே இல்லை. நான் மெஷினில் விரலைக் குத்திக்கொண்டேன்.

அன்றைக்கு அவள் மழையில் நனைந்துகொண்டே கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பாய்லர்காரர் குடையோடு பின்னாலேயே போனார். நாலாவது சுற்றிலோ ஐந்தாவது சுற்றிலோ நான் நின்ற ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள்.

"அது எழுத்துல இல்லைங்க" என்றாள் அவள். "எது அவனோடதுன்னு ஆகுதோ, அது அடைச்சுக்குது. நாளைக்கு வேற வெச்சா அதுவும் அடைச்சுக்கும். ஊமை எழுத்துல வெச்சாலும் அடைச்சுக்கும்."

"அப்ப என்னதான் பண்றது? நான் எதுக்கும் தயார். நீ சொல்லு."

"எப்படியும் அடைக்கத்தான் போகுது." மழைத் தண்ணீரை முகத்திலிருந்து வழித்துவிட்டாள். "அடைக்கறது எனக்கு இஷ்டமானதா இருந்துட்டுப் போகட்டும். அந்த வெயில்ல நீங்க கத்தினீங்களே, அதுதான் எனக்கு வேணும்."

"பரிதியா?"

அவள் தலையாட்டினாள். "நீங்க சொல்லிட்டீங்க. நான் சொல்ல நேரமாகும். ஆகட்டும்."

அவர் குடையை அவள் தலைக்கு மேலே பிடித்தார். இரண்டு பேரும் ஏற்கெனவே தொப்பலாகியிருந்தார்கள்.

அடுத்த ஊசிக்கு நாள் வந்தது. பாய்லர்காரரால் நெருப்பை விட்டு வர முடியவில்லை. பெரியக்காவும் நானும் போனோம். நீளமான வராந்தா, பெஞ்சு, ஈரக் குடைகள், அழும் குழந்தைகள். வரிசை ஜன்னலை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. சின்னக்கா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள்.

"நான் சொல்லிடறேன்டி. நீ புள்ளையைப் பாத்துக்கோ" என்றாள் பெரியக்கா.

"வேணாம் அண்ணி."

ஜன்னலில் அதே ஆள். நிமிராமல் கேட்டார். "குழந்தை பேரு?"

உதடு சேர்ந்தது.

"பேரும்மா. இன்னும் வைக்கலையா?"

தப்பிக்க வழி அவரே கொடுத்துவிட்டார். 'இன்னும் வைக்கல' என்று சொன்னால் போதும். அவளுக்கு வழுக்கிக்கொண்டு வரும் சொற்கள் அவை. எனக்கே அதைச் சொல்லிவிடலாம் போல நாக்கு துடித்தது. அவள் தலையைக் குறுக்கே ஆட்டினாள். பெரியக்கா வாயைத் திறந்தாள். சின்னக்காவின் முழங்கை அவள் விலாவில் இறங்கியது.

"சொல்லிட்டு நகருங்கம்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எழுதியாவது குடுங்களேன்" என்று ஜன்னல்காரர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். வரிசையும் பார்த்தது. அவள் கண்ணை மூடவில்லை, சிரித்து மழுப்பவும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உதடு வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகியிருந்தது. "ப்" என்று ஒன்று உடைந்தது. மறுபடி இறுகியது. "ப்… ப்… பரிதி."

"பரிதி?"

"ஆமா."

அவர் எழுதிக்கொண்டார். "அடுத்தது."

அவ்வளவுதான். பெரியக்கா விலாவைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். "நல்ல வேளை உனக்கு முழங்கை திக்கல" என்றாள். சின்னக்கா சிரித்த சிரிப்பில் குடை கீழே விழுந்தது.

உள்ளே ஊசி போட்டதும் பையன் வீல் என்று கத்தினான். "பரிதிக்குட்டி, பரிதிக்குட்டி" என்று பெரியக்கா கைதட்டினாள். நர்ஸும் கூப்பிட்டுப் பார்த்தாள். யாரையும் அவன் சட்டை செய்யவில்லை. சின்னக்கா அவனைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கூப்பிட நினைத்தாள், உதடு ஒட்டிக்கொண்டது. அவன் அழுகை நடுவில் நின்றது. நீர் நிறைந்த கண்ணால் அவள் வாயையே பார்த்தான். ஏதோ வரப்போகிறது என்பதுபோல. "ப்… ப்…" அவன் மூச்சுக்கூட விடவில்லை. பெயர் முழுதாக வந்து விழுந்தது. உடனே விட்ட இடத்திலிருந்து மறுபடி அழ ஆரம்பித்தான்.

நான் அதைத் தற்செயல் என்றுதான் நினைத்தேன். பெரியக்கா நினைக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. வேறு யார் பரிதி என்று கூப்பிட்டாலும் அவன் உருளையின் சத்தத்தைக் கேட்பதுபோல அதையும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பான். சின்னக்காவின் அடைப்புச் சத்தம் கேட்டால் கழுத்து திரும்பும். சோதித்துப் பார்க்காதவர்கள் இல்லை. எனக்கும் ஒருவழியாக நம்பிக்கை வந்தது.

இதில் நொந்துபோனவர் பாய்லர்காரர். பெயர் கண்டுபிடித்தவர் அவர். கூப்பிட்டால் ஒருத்தன்தான் திரும்ப வேண்டும் என்றவர். அந்த ஒருத்தன் அவருக்குத் திரும்பவில்லை. நெருப்பு வாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வண்டியோரம் வந்து நின்று, "பரிதி! டேய் பரிதி!" என்பார். அவன் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மழை ஓய்ந்து வந்த ஒரு மத்தியானம், சாப்பாட்டு வேளை. உருளை நின்றிருந்தது. மெஷினுக்கு அடியில் விழுந்த நூல் பாபினைத் தேடிக்கொண்டு நான் குனிந்திருந்தேன். யாரும் இல்லை என்று நினைத்து அவர் வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். வண்டிக்குள் குனிந்தார். உதட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு, "ப்… ப்… பரிதி" என்றார்.

பையன் திரும்பவில்லை. அவர் மறுபடி செய்தார்.

நான் நிமிர்ந்தபோது சின்னக்கா வாசலில் நின்றிருந்தாள், இடுப்பில் வாளியோடு. அவளுக்குப் பின்னால் பெரியக்கா. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு எத்தனை பேர் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். பாய்லர்காரர் திரும்பினார், அவளைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "இல்ல… நான் கிண்டல் பண்ணல… சத்தியமா…" என்று அவர்தான் இப்போது தடுமாறினார்.

சின்னக்கா வாளியைக் கீழே வைத்தாள். நேரே நடந்து வந்தாள். வண்டிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கரி ஒட்டிய அவர் வாயை, இரண்டு விரலால் மேலும் கீழுமாகப் பிடித்து, அழுத்தி மூடினாள்.

"இப்படி இல்லைங்க. ப்… ப்… பத்தாது. இன்னும் இறுக்கணும்."